யோனி நுண்ணுயிர்க் குழுமமும் கருப்பைவாய் வைரஸ் தொற்றும்: ஒரு விளக்கம்

முன்னுரை

உலகளவில் பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் கருப்பைவாய்ப் புற்றுநோய் நான்காம் இடத்தில் உள்ளது. 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 660,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும் ஏறத்தாழ 350,000 பேர் இதனால் உயிரிழந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்நோயை உண்டாக்கும் வைரஸ் இன்னதென்பது அறியப்பட்டுள்ளது. அதனைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. நோய் முற்றுமுன் கண்டறியச் சோதனையும் உண்டு. ஆயினும் ஒரு வினா நெடுங்காலமாக ஆய்வாளரிடையே நிலவி வந்துள்ளது. இவ்வைரஸ் தொற்றிய பெண்களுள் மிகப் பெரும்பாலோரின் உடல் அதனைத் தானே நீக்கிவிடுகிறது. சிலரிடத்தில் மட்டும் அது பல்லாண்டுகள் தங்கிப் புற்றுநோய்க்கு வழிகோலுகிறது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, யோனிப் பாதையில் இயல்பாக வாழ்ந்துவரும் நுண்ணுயிர்களிடம் இருக்கக்கூடும் என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வாய்வுகள் எதனை நிறுவியுள்ளன, எதனை இன்னும் நிறுவவில்லை என்பதைத் தமிழில் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் சார்ந்த இப்பொருள் தமிழாசிரியர்க்கும் உரியதே. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு முதல் 13 வயது மாணவியர்க்கும், சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு முதல் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்க்கும் இவ்வைரஸுக்கு எதிரான தடுப்பூசி பள்ளிகள் வாயிலாகவே வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிக்குள் வந்துவிட்ட ஒன்றைப் பற்றி வினவும் மாணவிக்கும் தாய்க்கும் தமிழில் விடை கூறும் பொறுப்பு ஆசிரியரைச் சாரும். அதற்குச் செய்தியும் வேண்டும், சொல்லும் வேண்டும்.

1. ‘கிருமி’ என்னும் சொல்லின் எல்லை

சொல்லிலிருந்தே தொடங்குவோம். வடமொழிவழி வந்த ‘கிருமி’ என்னும் சொல்லுக்குப் புழு என்பதே முதற்பொருள். வைணவ மரபில் வழங்கும் ‘கிருமிகண்ட சோழன்’ என்னும் பெயரில் அப்பொருளே நின்றது. கழுத்தில் புழு வைத்தவன் என்பது அதன் கருத்து. நுண்ணோக்காடிவழி அறியப்பட்ட உயிர்கள் தமிழில் பேசப்படத் தொடங்கியபோது இச்சொல் அவற்றையும் ஏற்றுக்கொண்டது. ‘நோய்க்கிருமி’, ‘கிருமிநாசினி’ ஆகிய தொடர்கள் அவ்வாறு பெருகின. 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பெருந்தொற்று பரவியபோது சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் ‘கிருமித்தொற்று’ என்பதே பெருவழக்காயிற்று. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

இவ்வழக்கில் இரு குறைகள் உள. முதலாவது, முற்றிலும் வேறான உயிர்ப்பொருள்கள் ஒன்றெனத் தோன்றுகின்றன. இரண்டாவது, கிருமி எனின் அழிக்கத்தக்கது என்னும் எண்ணம் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் நாம் இங்குப் பேசவிருக்கும் பாக்டீரியாக்களுள் சில அழிக்கத்தக்கன அல்ல, காக்கத்தக்கன. எனவே, இக்கட்டுரையில் பொதுவாக ‘நுண்ணுயிர்’ என்றும், வகை சுட்டவேண்டிய இடங்களில் ‘பாக்டீரியா’, ‘வைரஸ்’ என்றும் வழங்குவோம். ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்கள் அனைத்தையும் சேர்த்து ‘நுண்ணுயிர்க் குழுமம்’ எனக் குறிப்போம்.

2. இயல்பான அமிலக் காப்பு

யோனிப் பாதையில் நீண்ட கோல் வடிவப் பாக்டீரியாக்கள் வாழ்வதை ஜெர்மானிய மகப்பேற்று மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892ஆம் ஆண்டில் விளக்கினார். பின்னர் அவை லாக்டோபாசிலஸ் என்னும் இனத்தைச் சார்ந்தவை என அறியப்பட்டன. பாலில் உறை ஊற்றித் தயிராக்கும்போது நிகழ்வதும் இங்கு நிகழ்வதும் அடிப்படையில் ஒருவகைச் செயலே. சர்க்கரைப் பொருளை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுவது இப்பாக்டீரியாக்களின் இயல்பு. பால் எளிதிற் கெட, அதிலிருந்து உண்டான தயிர் சற்றுக் கூடுதலாக நிற்பது அப்புளிப்பினாலேயே ஆகும்.

பெண் பருவமெய்தியபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் தூண்டுதலால் யோனிச் சுவரின் உயிரணுக்களில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. அது சிதைந்து உண்டாகும் சிறு சர்க்கரைகள் லாக்டோபாசிலஸுக்கு உணவாகின்றன. அது வெளியிடும் அமிலத்தால் அவ்விடத்தின் பி.எச். அளவு 3.5க்கும் 4.5க்கும் இடையில் நிற்கிறது. பி.எச். அளவு 7க்குக் கீழே குறையக் குறைய அமிலத்தன்மை மிகும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இவ்வமிலச் சூழலில் வேறு பல பாக்டீரியாக்கள் பெருக இயலாது. ஈஸ்ட்ரோஜன் குறையும் மாதவிடாய் நிற்கும் பருவத்திற்குப்பின் கிளைகோஜனும் குறைகிறது. அமிலக் காப்பும் தளர்கிறது.

லாக்டோபாசிலஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரெவோடெல்லா முதலிய, உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படாத பாக்டீரியாக்கள் மிகும் நிலை மருத்துவத்தில் ‘பாக்டீரியல் வெஜினோசிஸ்’ எனப்படுகிறது. மணமாற்றமும் வெளிறிய கசிவும் இதன் அறிகுறிகளாகலாம். அறிகுறி எதுவுமின்றியும் இருக்கலாம். நம்மவர் இதனையும், பூஞ்சைத் தொற்றையும், இயல்பான கசிவையும் ‘வெள்ளைப்படுதல்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். ‘உடற்சூடு’ என்று கூறிக் கைவைத்தியத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. மூன்றும் வேறு வேறு. மூன்றிற்கும் செய்யவேண்டுவதும் வேறு.

3. ஐவகைக் குழுமங்கள்

ஆய்வகத் தட்டுகளில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில் பல பாக்டீரியாக்கள் வளரா. எனவே அவை அறியப்படாமலேயே இருந்தன. மரபணு வரிசையை நேரே படித்து வகையறியும் முறை வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கியது. அமெரிக்காவில் ஜாக் ராவெல் குழுவினர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கல் எனலாம். வெள்ளையர், கறுப்பர், இஸ்பானிய வழியினர், ஆசியர் ஆகிய நான்கு பிரிவுகளைச் சார்ந்த, அறிகுறி எதுவுமற்ற 396 பெண்களின் மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்து, குழுமங்களை ஐந்தாக வகுத்தனர்.

முதல் வகையில் லாக்டோபாசிலஸ் கிரிஸ்பாட்டஸ் மிகுந்திருக்கும். இரண்டாம் வகையில் கேசெரி, மூன்றாம் வகையில் இனெர்ஸ், ஐந்தாம் வகையில் ஜென்செனி ஆகிய சிற்றினங்கள் மிகுந்திருக்கும். நான்காம் வகையில் மட்டும் லாக்டோபாசிலஸ் குறைந்து, பலவகைப் பாக்டீரியாக்கள் கலந்திருக்கும். அப்பெண்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் லாக்டோபாசிலஸ் மேலோங்கிய குழுமம் காணப்படவில்லை. கறுப்பினப் பெண்களிடமும் இஸ்பானிய வழிப் பெண்களிடமும் இந்நிலை ஏனையோரைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. இவர்கள் யாவரும் நோயறிகுறி அற்றவர்கள் என்பது கருதத்தக்கது. நான்காம் வகை என்பதனாலேயே ஒரு பெண்ணை நோயாளி எனக் கூறுவது பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

லாக்டோபாசிலஸ் சிற்றினங்கள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல என்பதும் இவ்வழி வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. லாக்டிக் அமிலம் ‘டி’, ‘எல்’ என்னும் இரு வடிவங்களில் உண்டு. கிரிஸ்பாட்டஸ் இரண்டையும் உண்டாக்கும். இனெர்ஸ் ‘எல்’ வடிவத்தை மட்டுமே உண்டாக்கும். கிரிஸ்பாட்டஸ் மேலோங்கிய குழுமம் நிலைத்து நிற்கும் இயல்புடையது. இனெர்ஸோ நலமுற்ற நிலையிலும் குலைவுற்ற நிலையிலும் ஒருங்கே காணப்படுவது. எளிதில் நான்காம் வகைக்கு மாறக்கூடியது.

4. வைரஸின் வழி

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரஸே காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசென் நிறுவினார். 1983ஆம் ஆண்டில் அவ்வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் அவர் குழுவினர் புற்றுத் திசுவில் கண்டனர். இதற்காக 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. சுருக்கமாக எச்.பி.வி. எனப்படும் இவ்வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் ஏறத்தாழ 14 வகைகளே புற்றுநோய் இடர் மிக்கவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே காரணமாகின்றன.

கருப்பைவாயின் மேற்படலத்தில் ஏற்படும் கண்ணுக்குப் புலனாகாச் சிறு கீறல்கள் வழியாக இவ்வைரஸ் அடித்தள உயிரணுக்களைச் சென்றடைகிறது. அங்கு அது குருதியிற் கலப்பதில்லை. உயிரணுவை உடனே அழிப்பதுமில்லை. ஆதலால் உடலின் எதிர்ப்பாற்றல் அதனை உணர்ந்துகொள்ளக் காலம் செல்கிறது. ஆயினும் பத்தில் ஒன்பது தொற்றுகள் ஈராண்டுக்குள் நீங்கிவிடுகின்றன. இடர் மிக்க வகைகள் நீங்காது தங்குமிடத்து, அவற்றின் இ6, இ7 என்னும் இரு புரதங்கள் உயிரணுவின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. உயிரணுப் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் பி53 என்னும் காவற்புரதத்தை இ6 அழியச் செய்கிறது. ஆர்.பி. என்னும் மற்றொரு காவற்புரதத்தை இ7 செயலிழக்கச் செய்கிறது. முன்புற்று நிலையும், அதன்பின் புற்றும் தோன்றப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, தொற்று என்பது வேறு; நிலைத்த தொற்று என்பது வேறு. இடர் இருப்பது பின்னதிலேயே.

5. இரண்டிற்குமிடையே காணப்படும் உறவு

இனி, நுண்ணுயிர்க் குழுமத்திற்கும் இவ்வைரஸுக்கும் இடையேயான உறவினை நோக்குவோம். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முன்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்குசேர்த்து ஒப்பிட்டது. கிரிஸ்பாட்டஸ் மேலோங்கிய பெண்களோடு ஒப்பிடும்போது, லாக்டோபாசிலஸ் அல்லாதவையோ இனெர்ஸோ மேலோங்கிய பெண்களிடம் எச்.பி.வி. காணப்படும் வாய்ப்பு மூன்று முதல் ஐந்து மடங்காக இருந்தது. இடர் மிக்க வகைகளும், முன்புற்று நிலையும் புற்றும் காணப்படும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்காக இருந்தது.

காலப்போக்கில் நிகழும் மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் உள. ரெபெக்கா பிராட்மன் குழுவினர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 32 பெண்கள் வாரம் இருமுறையாக 16 வாரங்கள் தாமே மாதிரி எடுத்தளித்தனர். கேசெரி மேலோங்கிய குழுமத்தில் வைரஸ் விரைந்து நீங்கியதும், லாக்டோபாசிலஸ் குறைந்த ஒருவகைக் குழுமத்தில் அது நீங்கத் தாமதமானதும் அதிற் கண்டறியப்பட்டன. இலண்டனில் அனிதா மித்ரா உள்ளிட்ட ஆய்வாளர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, முன்புற்று நிலை கடுமையாகுந்தோறும் லாக்டோபாசிலஸ் குறைந்து பிற பாக்டீரியாக்கள் பல்குவதைக் காட்டியது. 2020ஆம் ஆண்டில் வந்த அவர்களது மற்றோர் ஆய்வு, இரண்டாம் படி முன்புற்று நிலையில் இருந்தும் சிகிச்சை பெறாது கண்காணிப்பில் மட்டும் இருந்த இளம்பெண்களைப் பற்றியது. லாக்டோபாசிலஸ் மேலோங்கியவர்களிடம் அம்மாற்றம் தானே மறைவது கூடுதலாகக் காணப்பட்டது.

இவ்வுறவு எவ்வாறு இயங்கக்கூடும்? மூன்று வழிகள் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒன்று, சீதப்படலம் சிதைதல். நான்காம் வகையிற் காணப்படும் சில பாக்டீரியாக்கள் சயலிடேஸ் என்னும் நொதியை வெளியிட்டுக் கருப்பைவாயைப் போர்த்தியுள்ள சீதத்தைக் கரைக்கின்றன. இரண்டு, அமிலக் குறைவு. லாக்டிக் அமிலம், அதிலும் ‘டி’ வடிவம், மேற்படலத்தின் உறுதியைக் காப்பதாகக் கருதப்படுகிறது. மூன்று, நீடித்த அழற்சி. பாக்டீரியாக்களின் கலவை மிகும்போது அழற்சியைத் தூண்டும் புரதங்களும் மிகுகின்றன. நீங்காத அழற்சி உயிரணு மாற்றங்களுக்கு இடந்தரும்.

6. காரணமா, விளைவா?

இவ்விடத்தில் நாம் நின்று சிந்திக்கவேண்டும். இரண்டு சேர்ந்து காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் ஆகாது. குழுமம் குலைந்ததால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் குழுமம் குலைந்ததா என்னும் வினா எழுகிறது. இரண்டாவது வழியும் இயலும் என்பதற்கு 2022ஆம் ஆண்டில் சான்று வெளிவந்தது. மேற்படல உயிரணுக்கள் சுரக்கும் சில தற்காப்புப் புரதக்கூறுகளை லாக்டோபாசிலஸ் தன் உணவுக்கும் பயன்படுத்திக்கொள்கிறது என்றும், எச்.பி.வி. அச்சுரப்பைக் குறைத்துவிடுகிறது என்றும் அவ்வாய்வு கூறியது. அங்ஙனமாயின் உறவு ஒருவழிப்பட்டது அன்று, இருவழிப்பட்டது ஆகலாம்.

மூன்றாவது ஒன்று இரண்டையும் பாதிக்கும் வாய்ப்பும் உண்டு. புகைபிடித்தல், வயது, இயக்குநீர் மாற்றம், பாலுறவுப் பழக்கம் முதலியன குழுமத்தையும் மாற்றும். வைரஸ் தொற்றையும் பாதிக்கும். எனவே, குழுமக் குலைவைப் புற்றுநோயின் ‘காரணம்’ எனக் குறிப்பது இன்றைய நிலையில் மிகைக் கூற்றாகும். வைரஸே காரணம், குழுமம் அக்காரணம் செயற்படும் சூழல் எனக் கூறுதல் பொருந்தும். வித்தும் நிலமும் போல்வன அவை எனலாம். நிலம் எத்தகையதாயினும் வித்தின்றி முளை இல்லை.

7. தூய்மை பற்றிய கருத்தும் நடைமுறையும்

இவ்வாய்வுகளால் நம் சமூகம் அறியவேண்டிய முதற்செய்தி தூய்மை பற்றியது. ‘குழுமம் குலைந்துள்ளது’ என்பதை ‘அவள் தூய்மையற்றவள்’ எனப் பொருள்கொள்வது பெருந்தவறு. உண்மை ஏறக்குறைய இதற்கு மாறானது. யோனியின் உட்பகுதியை நீராலோ சவர்க்காரத்தாலோ மணப்பொருளாலோ கழுவும் பழக்கம் பாக்டீரியல் வெஜினோசிஸுடன் தொடர்புடையதாகப் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. தூய்மை கருதிச் செய்யும் செயலே காவல் நிற்கும் பாக்டீரியாவை நீக்கிவிடக்கூடும். வெளிப்பகுதியை நீரால் கழுவுதல் போதும். உட்பகுதி தன்னைத் தானே பேணிக்கொள்ளும்.

இரண்டாவது செய்தி பழிபற்றியது. பாலுறவு வாழ்வில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலாருள் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸைப் பெறுகின்றனர். அது பல்லாண்டுகள் அறியப்படாது இருக்கக்கூடும். ஆகவே, சோதனையில் வைரஸ் காணப்படின், அது எப்பொழுது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை அச்சோதனை கூறாது. மணவாழ்வில் ஐயத்திற்கும் பழிக்கும் அதனைச் சான்றாக்குவதற்கு அறிவியலில் இடமில்லை. பாக்டீரியல் வெஜினோசிஸும் பெண்ணை மட்டும் சார்ந்தது அன்று. 2025ஆம் ஆண்டில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஆண் துணைவருக்கும் சேர்த்து மருந்தளித்தபோது 12 வாரங்களுக்குள் மீண்டும் தோன்றியது 35 விழுக்காட்டினரிடம். பெண்ணுக்கு மட்டும் அளித்தபோது 63 விழுக்காட்டினரிடம்.

மூன்றாவது செய்தி சந்தைப் பொருள்கள் பற்றியது. ‘நல்ல பாக்டீரியா’ எனக் கூறி விற்கப்படும் வில்லைகளும் கழுவுநீர்களும் இன்று பலவாகிவிட்டன. கிரிஸ்பாட்டஸை மருந்தாகச் செலுத்திய முறையான ஆய்வு ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப்பின் அதனைப் பெற்ற பெண்களுள் 30 விழுக்காட்டினரிடமும், போலிமருந்து பெற்றவருள் 45 விழுக்காட்டினரிடமும் பாக்டீரியல் வெஜினோசிஸ் மீண்டும் தோன்றியது. இது நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அது பாக்டீரியல் வெஜினோசிஸ் பற்றிய முடிவே, எச்.பி.வி. நீங்கும் என்பதற்கோ புற்றுநோய் தடுக்கப்படும் என்பதற்கோ அது சான்றாகாது. தயிரை உண்பதாலோ உள்ளே இடுவதாலோ பயன் உண்டு எனவும் கொள்ளலாகாது. தயிரில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு, கிரிஸ்பாட்டஸ் வேறு.

நிறுவப்பட்ட வழிகள் இரண்டே. ஒன்று தடுப்பூசி. சுவீடனில் 17 வயதிற்குமுன் தடுப்பூசி பெற்ற பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டதை 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி பெற்றவர்களுள் ஒருவரிடமேனும் இப்புற்று காணப்படவில்லை என 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மற்றொன்று பரிசோதனை. 30 வயது முதல் ஐந்து அல்லது பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாகப் பரிந்துரைக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2018ஆம் ஆண்டில் தொடங்கிய ரோஸ் திட்டம் இங்குக் குறிப்பிடத்தக்கது. அதில் பெண் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக்கொள்கிறார். முடிவு அவரது கைப்பேசிக்கு வருகிறது. பேப் ஸ்மியர் சோதனைக்கு வெட்கத்தாலும் அச்சத்தாலும் செல்லாதிருந்த பெண்களுக்கு இது ஒரு வழி திறந்தது. தடுப்பூசி பெற்றவரும் பரிசோதனையைக் கைவிடலாகாது. தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துரைப்போம். லாக்டோபாசிலஸ், சிறப்பாகக் கிரிஸ்பாட்டஸ், மேலோங்கிய குழுமம் வைரஸ் நிலைத்தல் குறைவதோடு தொடர்புடையது. அத்தொடர்பு உறுதியானது, அதன் திசை இன்னும் முற்றும் தெளிவுபடவில்லை. குழுமத்தைச் சீராக்கினால் வைரஸ் நீங்குமா என்பதற்கு முறையான ஆய்வுகள் இனித்தான் விடை கூறவேண்டும். அதுவரை தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் மாற்று எதுவும் இல்லை.

2030ஆம் ஆண்டுக்குள் 15 வயதிற்குட்பட்ட சிறுமியருள் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி பெறவும், பெண்களுள் 70 விழுக்காட்டினர் 35 வயதிற்குள் ஒருமுறையும் 45 வயதிற்குள் மறுமுறையும் சோதனை பெறவும், நோய்நிலை கண்டறியப்பட்டோருள் 90 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவும் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கு. இவ்விலக்கை ஒரு தாயிடம் கொண்டுசேர்க்கும்போது அவள் மொழியில் சொல்லவேண்டியுள்ளது. கருப்பைவாய், யோனி, கசிவு என்னும் சொற்களைத் தயக்கமின்றி வகுப்பறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஆளும் ஆசிரியர் அதற்குத் துணைநிற்கிறார். பெயர் சொல்லக் கூசும் உறுப்பில் வரும் நோயை மருத்துவரிடம் சொல்வதற்கும் பெண்கள் கூசுகின்றனர். அக்கூச்சத்தால் இழக்கப்படும் காலமே பல நேரங்களில் உயிரிழப்புக்கு இட்டுச்செல்கிறது. நுண்ணுயிர் அனைத்தும் பகையல்ல என்பதையும், தொற்று என்பது பழியல்ல என்பதையும் மாணவியர்க்குத் தெளிவான தமிழில் உணர்த்துவது நம் துறைக்கும் உரிய கடமையாகும்.